எலும்பு மஜ்ஜையும் தைமஸும் இருக்கும்போது மண்ணீரலும் நிணநீர் முடிச்சுகளும் எதற்கு?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது: லிம்போசைட்டுகள் (நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள்) எலும்பு மஜ்ஜையிலும் மார்பில் உள்ள தைமஸ் சுரப்பியிலும் தயாராகி இரத்தத்தில் சுற்றுகின்றன, கிருமியைக் கண்ட இடத்தில் அடித்துவிட வேண்டியதுதானே, இடையில் நிணநீர் முடிச்சு, மண்ணீரல், டான்சில் என்று இத்தனை உறுப்புகள் ஏன்? மண்ணீரலை எடுத்தவர்களும் டான்சிலை எடுத்தவர்களும் நன்றாகத்தானே நடமாடுகிறார்கள்? கடைசியில் போகிற போக்கில், உங்கள் தாடைக்குக் கீழே ஒரு சிறு நெறி ஒன்றரை மாதமாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது அந்த மூன்றாவதைத்தான் என்று நினைக்கிறேன். அதற்கும் வருகிறேன். ஆனால் முதல் இரண்டும் புரிந்தால்தான் மூன்றாவதில் மருத்துவர் ஏன் சிலவற்றைக் கேட்கிறார் என்பது புரியும்.

பாடப்புத்தகம் இவற்றை இரண்டாம் நிலை அல்லது புற நிணநீர் உறுப்புகள் என்கிறது. ‘இரண்டாம் நிலை’ என்பதைப் படித்ததும் முக்கியத்துவத்தில் இரண்டாவது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். செல்கள் போய்ச் சேரும் வரிசையைத்தான் அந்தப் பெயர் சொல்கிறது. மஜ்ஜையிலிருந்தும் தைமஸிலிருந்தும் வெளியே வரும் செல் ஆயுதம் ஏந்தியிருக்கிறது, ஆனால் இன்னும் யாரையும் சந்திக்கவில்லை. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. தைமஸில் தயாராகும் லிம்போசைட்டான டி செல் ஒவ்வொன்றின் மேலும், இலக்கை அடையாளம் காணும் ஏற்பி ஒரே ஒரு வகைதான் உண்டு. குறிப்பிட்ட ஒரு கிருமியின் குறிப்பிட்ட ஒரு துணுக்கை அடையாளம் காணும் டி செல், லட்சத்தில் ஒன்றோ பத்து லட்சத்தில் ஒன்றோதான் இருக்கும். அந்த ஒன்றும் உடலில் எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியாது. கிருமியோ கால் பெருவிரலில் முள் குத்திய இடத்தில், ஒரு கடுகளவு இடத்தில் இருக்கிறது. இவை இரண்டும் தற்செயலாகச் சந்திக்கும் என்று காத்திருந்தால், அதற்குள் கிருமி ஆயிரம் மடங்கு பெருகிவிடும். போதாக்குறைக்கு, உடலின் மொத்த லிம்போசைட்டுகளில் இரத்தத்தில் இருப்பவை ஏறத்தாழ இரண்டு சதவீதம்தான். மீதி எல்லாம் திசுக்களிலும் இந்த உறுப்புகளிலும் இருக்கின்றன. ஆகவே புற நிணநீர் உறுப்புகளின் முதல் வேலை, அரிதான செல்லையும், அது அடையாளம் காணும் கிருமித் துணுக்கான அரிதான ஆன்டிஜெனையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு சுவரும் குழாயும் அந்தச் சந்திப்புக்காக அமைந்தவை.

அந்த முள்ளையே பின்தொடர்வோம். இரத்த நாளங்களிலிருந்து கசியும் திரவத்தில் ஒரு பகுதி நிணநீர் நாளங்களில் வடிகிறது. வடியும்போது கிருமிகளையும் அவற்றின் துணுக்குகளையும் சேர்த்தே அடித்துக்கொண்டு போகிறது. இது சில நிமிடங்களில் நடந்துவிடும். இன்னொரு பயணம் மெதுவானது. தோலில் காவலிருக்கும் டென்ட்ரைடிக் செல் கிருமியை விழுங்கித் துண்டாக்கி, துண்டுகளைத் தன் மேற்பரப்பில் ஏந்திக்கொண்டு, ஏறத்தாழ ஒரு நாளில் அதே நாளங்கள் வழியாக வந்துசேரும். 1973-இல் ரால்ஃப் ஸ்டைன்மன் சுண்டெலியின் மண்ணீரலில் அடையாளம் கண்ட செல் இதுதான். பெருவிரலிலிருந்து வரும் நிணநீரின் பெரும்பகுதி தொடை இடுக்கில் உள்ள முடிச்சுகளுக்குப் போகிறது. காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுவது அதனால்தான். நோயெதிர்ப்புப் பாடம் எதுவும் படிக்காமலேயே நம் பெரியவர்கள் நெறி கட்டிய இடத்தைத் தொட்டுப் பார்த்து, ‘எங்கே புண் இருக்கிறது?’ என்று கீழ்நோக்கித் தேடுவார்கள். உடற்கூறியல்படி அது முழுக்கச் சரி.

மனித உடலில் இத்தகைய முடிச்சுகள் 500 முதல் 600 வரை இருக்கும். அவரை விதையின் வடிவம். சாதாரணமாகச் சில மில்லிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வரை. புடைத்த பக்கத்தில் பல உள்வரு நாளங்கள் உறையைத் துளைத்து நுழைகின்றன. குழிந்த பக்கத்தில் ஒன்றிரண்டு நாளங்களே வெளியேறுகின்றன. உள்ளே வந்த நிணநீர் முதலில் உறைக்கு அடியில் உள்ள மெல்லிய இடைவெளியில் பரவும். அங்கே வரிசையாக நிற்கும் மேக்ரோஃபேஜ்கள் என்ற விழுங்கு செல்கள் கிருமியை முழுதாகப் பிடித்துக்கொள்கின்றன. இந்த அரண் பழுதானால் கிருமி நேரே அடுத்த முடிச்சுக்கும், பிறகு இரத்தத்துக்கும் போய்விடும். உறையை ஒட்டிய வெளிப்பகுதியான கார்டெக்ஸில், மஜ்ஜையில் தயாரான லிம்போசைட்டுகளான பி செல்கள் உருண்டைத் திரள்களாக இருக்கின்றன. அதற்கு உட்புறம் பாராகார்டெக்ஸ். டி செல்களும் டென்ட்ரைடிக் செல்களும் இருக்கும் பகுதி. நடுவில் மெடுல்லா, ஆன்டிபாடி (கிருமியில் ஒட்டும் புரதம்) சுரக்கும் பிளாஸ்மா செல்கள் அங்கே கயிறு கயிறாகக் கிடக்கும். டி செல் பகுதி முழுவதும் நுண்ணிய வலை ஒன்று ஓடுகிறது. அதன் இழைகள் உள்ளே துளையுள்ள குழாய்கள். ஏறத்தாழ 70 கிலோடால்டனுக்கும் (மூலக்கூறு எடையின் அலகு) சிறிய மூலக்கூறுகளை மட்டும் உள்ளே எடுத்துச் செல்லும். பெரியவை வெளியேயே வடிகட்டப்படும். அதே வலையின் மேல்தான் டி செல்கள் நிமிடத்துக்குப் பத்து மைக்ரான் (மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு) அளவில் ஊர்ந்து, எதிர்ப்படும் டென்ட்ரைடிக் செல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கின்றன. பெரும்பாலான சந்திப்புகள் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பொருத்தம் கண்டால் மட்டும் டி செல் மணிக்கணக்கில் அங்கேயே ஒட்டி நிற்கும்.

அந்த டி செல் எப்படி உள்ளே வந்தது என்பது எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த பகுதி. சாதாரண நுண்குழாயின் உட்சுவர்ச் செல்கள் தட்டையானவை. பாராகார்டெக்ஸில் ஓடும் குறிப்பிட்ட சிரை நுண்குழாய்களில் மட்டும் அவை கனசதுரம் போலத் தடித்து உயர்ந்திருக்கும். வெட்டுத்துண்டை நுண்ணோக்கியில் பார்த்தால் அந்தக் குழாய்களை உடனே கண்டுபிடித்துவிடலாம்; சுவரின் இடுக்குகளில் லிம்போசைட்டுகள் பாதி நுழைந்த நிலையில் நிற்கும். நுழைவு படிப்படியாக நடக்கிறது. முதலில் எல்-செலக்டின் என்ற மூலக்கூறால் செல் சுவரைப் பிடித்தும் விட்டும் உருளும். சுவரில் பூசியிருக்கும் சிசிஎல்21 என்ற சமிக்ஞையை அதன் சிசிஆர்7 ஏற்பி உணரும். உடனே இன்டெக்ரின் என்ற ஒட்டும் புரதம் இறுகி, செல் நின்று, சுவர் இடுக்கில் நுழைந்துவிடும். உள்ளே அரை நாளிலிருந்து ஒரு நாள் வரை தேடும். எதுவும் கிடைக்கவில்லையென்றால் வெளியேறும் நாளம் வழியாக, நிணநீரை இரத்தத்தில் சேர்க்கும் பெரிய குழாயான மார்பு நாளத்தை அடைந்து, இரத்தத்துக்குத் திரும்பி, வேறொரு முடிச்சில் நுழையும். இந்தச் சுற்றை நிரூபித்தவர் ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வு செய்த ஜேம்ஸ் கவன்ஸ். 1950-களின் பிற்பகுதியில் எலிகளின் மார்பு நாளத்திலிருந்து நிணநீரைத் தொடர்ந்து வடித்தபோது லிம்போசைட்டுகள் சில நாட்களில் வறண்டுபோயின. வடித்ததைத் திரும்பச் செலுத்தியதும் எண்ணிக்கை மீண்டது. வெளியேறும் வாசலுக்கும் ஒரு சாவி உண்டு. ஸ்பிங்கோசின்-1-பாஸ்பேட் என்ற கொழுப்பு இரத்தத்திலும் நிணநீரிலும் அதிகம், முடிச்சின் திசுவுக்குள் குறைவு; அந்த ஏற்றத்தை நோக்கியே செல்கள் வெளியேறுகின்றன. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு மண்டல நோய்க்குத் தரும் ஃபிங்கோலிமாட் என்ற மருந்து இந்த வாசலைத்தான் மூடுகிறது. அதை எடுத்துக்கொள்பவரின் இரத்தப் பரிசோதனையில் லிம்போசைட் எண்ணிக்கை வெகுவாகச் சரியும். செல்கள் பெரும்பாலும் சாகவில்லை, முடிச்சுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. இது தெரியாமல் அறிக்கையைப் பார்ப்பவர் பதறிப்போவார்.

நெறி கட்டுவதன் விளக்கமும் இதற்குள்தான் இருக்கிறது. ‘செல்கள் பெருகுவதால் வீங்குகிறது’ என்று ஒரே வரியில் சொல்வார்கள். அது பாதி உண்மை. முதல் ஓரிரு நாட்களில் பெருக்கம் இன்னும் தொடங்கியிருக்காது. கிருமியின் சமிக்ஞை வந்ததும் முடிச்சுக்கு வரும் தமனி விரிந்து இரத்த ஓட்டம் கூடும். உள்ளே வரும் செல்கள் அதிகமாகும். அதே நேரம் சிடி69 என்ற மூலக்கூறு, வெளியேறும் ஏற்பியைச் செல்லின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துவிடுவதால் வாசல் அடைபடும். இறுக்கிப் பிடித்திருந்த வலைச் செல்கள், டென்ட்ரைடிக் செல்கள் தொட்டதும் தளர்ந்து இடம் கொடுக்கும். வரவு கூடி செலவு நின்றதால் வருவதே முதல் வீக்கம். உறை திடீரென இழுபடுவதால்தான் வலி. பிறகு, பொருத்தம் கண்ட டி செல் ஏறத்தாழ ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பிரிந்து, நான்கைந்து நாட்களில் பல ஆயிரமாகும். காய்ச்சல் தொடங்கி ஒரு வாரம் கழித்தே உடல் தேறத் தொடங்குவதற்கு இந்தக் கணக்கு முக்கியக் காரணம்.

பி செல்களின் கதை இன்னும் நீளமானது. ஆன்டிஜெனைப் பிடித்த பி செல் தன் திரளின் விளிம்புக்கு நகரும். தூண்டப்பட்ட டி செல் எதிர்ப்பக்கத்திலிருந்து அதே விளிம்புக்கு வரும். உதவி கிடைத்த பி செல்களில் சில உடனே பிளாஸ்மா செல்களாகி, அவசரத்துக்குச் சுமாரான ஆன்டிபாடியைத் தரும். மற்றவை திரளுக்குள் போய் முளைமையத்தை உருவாக்கும். வால்தர் ஃப்ளெமிங் 1880-களில் இதைக் கண்டு, லிம்போசைட்டுகள் பிறக்கும் இடம் இது என்று நினைத்துப் பெயர் வைத்தார். பெயர் நிலைத்துவிட்டது, காரணம் தவறு. இங்கே நடப்பது பிறப்பைவிடக் கடுமையான தேர்வு. இருண்ட பகுதியில் பி செல்கள் வேகமாகப் பிரிந்துகொண்டே தம் ஆன்டிபாடி மரபணுவில் வேண்டுமென்றே பிழைகளைப் புகுத்துகின்றன. பிரிவு ஒன்றுக்கு ஆயிரம் எழுத்துக்கு ஒரு பிழை என்ற அளவில், வழக்கமான வேகத்தைப் போல ஏறத்தாழப் பத்து லட்சம் மடங்கு. பிறகு ஒளிர் பகுதிக்கு வந்து, அங்கே மாட்டி வைத்திருக்கும் ஆன்டிஜெனைப் பறிக்கப் போட்டியிட வேண்டும். அதிகம் பறித்ததற்கே டி செல்லின் உதவி கிடைக்கும். மற்றவை இறந்து மேக்ரோஃபேஜுக்கு இரையாகும். முளைமையம் தோன்ற ஒரு வாரம் ஆகும், பல வாரங்கள் நீடிக்கும். தடுப்பூசியின் இரண்டாம் தவணையை முதல் தவணை முடிந்த சில நாட்களிலேயே போடாமல் வாரக்கணக்கில் இடைவெளி விடுவதற்கு இந்தத் தேர்வு முடியட்டும் என்பது ஒரு காரணம். அவசரப்பட்டால் தேறாத செல்களையே மறுபடி தூண்டுவோம்.

மண்ணீரல் வேறு மாதிரி. நிணநீர் முடிச்சு திசுவைக் கவனிக்கிறது; மண்ணீரல் இரத்தத்தைக் கவனிக்கிறது. அதற்கு உள்வரும் நிணநீர் நாளமே கிடையாது. எல்லாம் மண்ணீரல் தமனி வழியாகவே வரவேண்டும். இடது பக்கம் 9 முதல் 11 வரையிலான விலா எலும்புகளுக்கு அடியில், ஏறத்தாழ 150 கிராம் எடையில் இருக்கும் இந்த உறுப்புக்கு, இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்து சதவீதம் போகிறது. வெட்டினால் சிவப்புப் பரப்பில் வெண்புள்ளிகள் தெரியும். அந்த வெண்புள்ளிகள்தான் வெண்கூழ், சிவப்புப் பரப்பு செங்கூழ். வெண்கூழில் தமனியைச் சுற்றி உறைபோல டி செல்கள், பக்கத்தில் பி செல் திரள்கள். செங்கூழில் இரத்தம் நாளத்தைவிட்டுத் திறந்த சல்லடைக்குள் கொட்டி, சுவரில் உள்ள ஏறத்தாழ ஒரு மைக்ரான் அகலமேயான பிளவுகள் வழியாகத் திரும்பி வர வேண்டும். சிவப்பணுவின் விட்டமோ ஏழெட்டு மைக்ரான். இளசானது நெளிந்து நுழைந்துவிடும். 120 நாள் வாழ்ந்து விறைத்தது மாட்டிக்கொள்ளும், மேக்ரோஃபேஜ் விழுங்கிவிடும். அணுவுக்குள் தங்கிவிட்ட உட்கருத் துணுக்கு இருந்தால் அதையும் இங்கேதான் மேக்ரோஃபேஜ்கள் கிள்ளி எடுக்கும். அந்தத் துணுக்குகளுக்கு ஹாவல்-ஜாலி உடலங்கள் என்று பெயர். கண்ணாடித் தகட்டில் பூசிய இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்க்கும்போது அவை தெரிந்தால், மண்ணீரல் இல்லை அல்லது இருந்தும் வேலை செய்யவில்லை என்று சந்தேகிக்க வேண்டும்.

‘எடுத்தாலும் வாழலாமே’ என்ற கேள்விக்கு இங்கே பதில் இருக்கிறது: வாழலாம், ஒரு நிபந்தனையோடு. நியூமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சா பி போன்றவை சர்க்கரைச் சங்கிலியால் ஆன வழுக்கும் உறை போர்த்தியவை. அந்த உறையை டி செல் உதவியின்றியே அடையாளம் கண்டு உடனே ஐஜிஎம் என்ற ஆன்டிபாடியைச் சுரக்கும் பி செல்கள், வெண்கூழின் விளிம்பு மண்டலத்தைச் சார்ந்தவை. உறுப்பு போனால் அந்த வேகம் போய்விடும். 1952-இல் கிங், ஷுமாக்கர் என்ற இரு மருத்துவர்கள், மண்ணீரல் நீக்கப்பட்ட ஐந்து குழந்தைகளுக்குப் பிற்பாடு கடும் தொற்று வந்ததை எழுதியபோதுதான் உலகம் இதைக் கவனித்தது. இது அரிது, ஆனால் வந்தால் சாதாரணக் காய்ச்சலாகத் தொடங்கி ஓரிரு நாட்களுக்குள் உயிரைக் குடிக்கக்கூடியது. பாதிக்கப்பட்டவர்களில் பாதிப்பேர் வரை இறக்கிறார்கள். அபாயம் முதல் சில ஆண்டுகளில் அதிகம், பிறகு குறையும், ஒருபோதும் பூஜ்யமாகாது. திட்டமிட்ட அறுவையென்றால் குறைந்தது இரண்டு வாரம் முன்பே இந்த மூன்று கிருமிகளுக்குமான தடுப்பூசிகளைப் போட்டுவிட வேண்டும். விபத்தில் அவசரமாக எடுத்திருந்தால் இரண்டு வாரம் கழித்துப் போடுவது வழக்கம். ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசியும் தேவை. காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்பது கூடாது. அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே ஆன்டிபயாடிக் வேண்டும். நாய் கடித்தாலும் மலேரியா உள்ள பகுதிக்குப் போனாலும் தனிக் கவனம் தேவை. ‘நன்றாகத்தானே இருக்கிறார்கள்’ என்று நீங்கள் சொல்பவர்கள் பெரும்பாலும் இவற்றை ஒழுங்காகச் செய்தவர்களாக இருப்பார்கள், அல்லது அதிர்ஷ்டசாலிகள்.

டான்சிலுக்கு வருவோம். இதைப் பலர் உள்நாக்கு என்கிறார்கள். உள்நாக்கு நடுவில் தொங்குவது, டான்சில் இரு பக்கமும் இருப்பது. ஒவ்வொன்றிலும் பத்து இருபது ஆழமான குழிகள் உள்ளே கிளைத்துப் போகின்றன. நிணநீர் நாளம் எதுவும் உள்ளே வருவதில்லை. வாய்வழி வருவதை அந்தக் குழிகளே நேராக மாதிரி எடுக்கின்றன. சிறுகுடலின் கடைப்பகுதியில் உள்ள பேயர் திட்டுகளும் அதே வேலையைச் செய்கின்றன. அவற்றை மூடியிருக்கும் எம் செல்கள் குடலில் உள்ளதை விழுங்கி, சிதைக்காமல் மறுபக்கம் இறக்கிவிடும். அங்கே பயிற்சி பெற்ற பி செல்கள் இரத்தம் வழியாகச் சுற்றி, குடல் சுவருக்கே திரும்பி ஐஜிஏ என்ற ஆன்டிபாடியைச் சுரக்கும். குடல் ஒரு நாளைக்குச் சுரக்கும் ஐஜிஏ 3 முதல் 5 கிராம். வாய்வழிப் போலியோ சொட்டு மருந்து குடலில் நல்ல காப்பைத் தருவதும், ஊசிவழி மருந்து அந்த விஷயத்தில் பின்தங்குவதும் இதனால்தான். இதே வாசலைக் கிருமியும் பயன்படுத்திக்கொள்ளும். டைஃபாய்டு கிருமி எம் செல் வழியாக நுழைந்து பேயர் திட்டுக்குள் தங்குகிறது. சிகிச்சை இல்லையென்றால் மூன்றாவது வாரத்தில் அந்தத் திட்டு அழுகிக் குடல் ஓட்டையாகலாம்.

இதுவரை சொன்னவற்றில் எதை எவ்வளவு நம்பலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். செல் சுழற்சி, முளைமையத் தேர்வு, மண்ணீரல் இழப்பின் அபாயம் ஆகிய மூன்றும் கேள்விக்கு அப்பாற்பட்டவை. இந்த உறுப்புகள் தேவையா என்பதற்கே நேரடிச் சோதனை உண்டு: லிம்போடாக்சின் ஆல்ஃபா மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளுக்கு நிணநீர் முடிச்சும் பேயர் திட்டும் உருவாவதில்லை என்று 1994-இல் காட்டினார்கள். டி செல், பி செல் இரண்டும் இருந்தும் அவற்றின் எதிர்ப்பு வினை குறைபட்டுக் கிடக்கிறது. ஆனால் முடிச்சுக்குள் செல் ஊர்வதைப் பற்றிய படங்களில் பெரும்பாலானவை சுண்டெலியில் எடுத்தவை. மண்ணீரலின் விளிம்பு மண்டலம் மனிதரில் வேறு அமைப்பு உடையது. எலியின் படத்தை அப்படியே மனிதருக்குப் போட்டுவிடும் பாடநூல்களை எச்சரிக்கையோடு படியுங்கள். டான்சில் எடுப்பதால் நோயெதிர்ப்பு பெரிய அளவில் குன்றுவதில்லை என்பது பொதுவான அனுபவம். தொண்டையைச் சுற்றி வளையமாக அமைந்த நிணநீர்த் திசுவின் மற்ற பகுதிகள் ஈடுகட்டுகின்றன, டான்சிலே வளரிளம் பருவத்துக்குள் சுருங்கிவிடுகிறது. நீண்டகால விளைவுகளைப் பற்றி ஆய்வாளர்கள் ஒருமித்துச் சொல்லவில்லை.

இனி உங்கள் தாடைக்குக் கீழ் உள்ள நெறி. எழுத்தைப் படித்து யாரும் அதைத் தொட்டுப் பார்க்க முடியாது. ஆகவே இதை நோயறிதலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த இடத்து முடிச்சுகள் பற்கள், ஈறு, நாக்கு, வாயின் தரைப்பகுதி ஆகியவற்றின் வடிகால். சொத்தைப் பல்லோ ஈறு வீக்கமோ இருந்தால் அதைச் சரிசெய்யாமல் முடிச்சு அடங்காது. முதலில் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு சென்டிமீட்டருக்குள், மிருதுவாக, விரலுக்கு அடியில் நழுவினால் பெரும்பாலும் பழைய தொற்றின் மிச்சம். வலியே இல்லாமல் கெட்டியாக, அடியோடு ஒட்டிக்கொண்டு, வளர்ந்துகொண்டே போனால், நான்கு வாரம் தாண்டியும் குறையாவிட்டால், கூடவே இரவில் உடை நனையும் வியர்வையோ காரணமற்ற எடைக்குறைவோ இருந்தால் தள்ளிப்போடக் கூடாது. காறை எலும்புக்கு மேலே உள்ள குழியில் நெறி வந்தால் அளவைப் பார்க்காமலேயே காட்ட வேண்டும். இடப்பக்கம் என்றால் வயிற்றுக்குள் இருக்கும் புற்றுகூட மார்பு நாளம் வழியாக அங்கே வந்து தங்கும். உங்களுக்கு நான்கு வாரம் கடந்துவிட்டதால், பல் எப்படி இருந்தாலும் ஒரு மருத்துவர் கையால் தொட்டுப் பார்ப்பது அவசியம். அவர் ஊசியால் உறிஞ்சிப் பார்த்துவிட்டு, ‘முழு முடிச்சையும் எடுத்துப் பார்க்க வேண்டும்’ என்றால் பயந்துவிடாதீர்கள். ஊசியில் தனிச் செல்கள்தான் வரும். லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றைப் பொறுத்தவரை திரள், பாராகார்டெக்ஸ், உறையடி இடைவெளி என்ற அந்த ஒழுங்கு கலைந்திருக்கிறதா என்பதைப் பார்க்க முழு முடிச்சே வேண்டும். அதுவரை யார் சொன்னாலும் ஸ்டீராய்டு மாத்திரை போடாதீர்கள். கட்டி தற்காலிகமாகக் கரைந்து, பயாப்சியில் ஒன்றும் தெரியாமல் போகும். நெறிக்குக் காசநோயும் காரணமாகலாம் என்பதால், எடுத்த முடிச்சை முழுவதும் ஃபார்மலினில் (திசுவைப் பதப்படுத்தும் திரவம்) போட்டுவிடாமல், ஒரு துண்டை உப்பு நீரில் தனியாகக் காசநோய் வளர்ப்புப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஃபார்மலினில் விழுந்த பிறகு கிருமியை வளர்க்க முடியாது.